ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளையா?

(வண்டிப்பெரியாறில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



நெல்லியாம்பதியிலிருந்தும் கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்திருக்கிறீர்கள். நாளைக் காலையில் மஸ்டருக்குப் போக வேண்டியவர்களும் இங்கே இருக்கிறீர்கள். ஆகவே அலங்காரப் பேச்சு வேண்டாம். ‘ஸ்பான்சர்’ என்று நாம் சொல்கிறோமே, அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

என் அப்பா இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. தம்பிக்கு ஏழு. அம்மா கொழுந்து எடுத்துத்தான் எங்களைக் காப்பாற்றினாள். அப்போது ஒரு தொண்டு நிறுவனத்தார் எங்கள் லயத்துக்கு வந்தார்கள். பெயர் வேண்டாம், நல்ல மனதோடுதான் வந்தார்கள். வெளிநாட்டில் ஒரு குடும்பம் மாதாமாதம் பணம் அனுப்பும், பிள்ளை படிக்கலாம் என்றார்கள். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒரு பிள்ளைதான் என்றும் சொன்னார்கள். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு என்னைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

எனக்குச் சீருடை வந்தது, நோட்டு வந்தது, பீஸ் கட்டினார்கள். வருடத்துக்கு இரண்டு முறை நான் நன்றிக் கடிதம் எழுத வேண்டும். ஒரு முறை, வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்று எழுதினேன். அதை அடித்துவிட்டு, “நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று எழுது” என்றார்கள். நான் படித்து ஆசிரியை ஆனேன். தம்பி ஆறாம் வகுப்போடு நின்று வண்டன்மேட்டுப் பக்கம் ஏலக்காட்டு வேலைக்குப் போனான். அவன் இன்றுவரை என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தோழர்களே! இந்த முறை எங்கிருந்து வந்தது? 1937இல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்த நேரம். வீடிழந்த பிள்ளைகளைக் காப்பாற்ற ஜான் லாங்டன்-டேவிஸ் என்ற ஆங்கிலேயப் பத்திரிகையாளர் ஓர் ஏற்பாடு செய்தார். தூரத்தில் இருக்கும் ஒருவர் ஒரு பிள்ளையின் செலவை ஏற்பார்; அந்தப் பிள்ளையோடு கடிதத் தொடர்பும் இருக்கும். பிறகு இதே முறையில் பல நிறுவனங்கள் கொரியாவுக்கும், நம் நாட்டுக்கும், தென் அமெரிக்காவுக்கும் போயின.

தென் அமெரிக்காவில் பொலிவியா என்றொரு நாடு இருக்கிறது. அந்த நாட்டை இங்கே இழுப்பதற்குக் காரணம் உண்டு. அங்கே வெள்ளீயச் சுரங்கத் தொழிலாளி வாழ்ந்த வாழ்க்கைக்கும் நம் லயத்து வாழ்க்கைக்கும் அதிக வித்தியாசம் இல்லை. வீடு கம்பெனியுடையது. சாமான் வாங்குவது கம்பெனிக் கடையில். வேலை இருக்கும் வரைதான் அந்த அறை. தொழிலாளி செத்துவிட்டால் விதவையும் பிள்ளைகளும் காலி செய்ய வேண்டும். நம் கதைதானே இது?

‘சிக்லோ வெய்ந்தே’ என்னும் சுரங்கக் குடியிருப்பில் தொமித்திலா என்ற அம்மா இருந்தார். விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து, இறைச்சி வைத்த ஒருவகைப் பணியாரம் சுட்டு, பிள்ளைகளையும் அனுப்பி விற்றுக் குடும்பத்தை நடத்தினார். அங்கே தொழிலாளிகளின் மனைவிமார் 1961இல் ஒரு குழு அமைத்தார்கள். தொமித்திலா அதன் தலைவர்களில் ஒருவரானார். 1977 டிசம்பர் இறுதியில், ராணுவ ஆட்சியை எதிர்த்து, நான்கு சுரங்கத் தொழிலாளர் மனைவிமார் பிள்ளைகளோடு உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். தொமித்திலாவும் போய்ச் சேர்ந்தார். மூன்று வாரத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கூடவே உட்கார்ந்துவிட்டார்கள். ஆட்சி இறங்கி வந்தது.

அந்த நாட்டிலும் வெளிநாட்டு ஸ்பான்சர் நிறுவனங்கள் பிள்ளைகளைப் பதிவு செய்தன. அதனால் பலன் இல்லையா? இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சொன்னால் நான் உண்ட சோற்றுக்குப் பொய் சொன்னவள் ஆவேன். 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. பொலிவியா, இந்தியா உட்பட ஆறு நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை விசாரித்தார்கள். ஸ்பான்சர் கிடைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஒரு வருடத்துக்குச் சற்று அதிகமாகப் பள்ளியில் படித்திருந்தார்கள். அது சின்ன விஷயம் அல்ல.

ஆனால் அந்த நூல் யார் கையில் இருக்கிறது? அந்த ஆய்வுக்கு உட்பட்ட கம்பேஷன் என்னும் அமெரிக்க நிறுவனம் 2017இல் இந்தியாவை விட்டே வெளியேறியது. வெளிநாட்டுப் பணம் வாங்குவதற்கு முன் அனுமதி வேண்டும் என்று மத்திய அரசு கட்டுப்பாடு விதித்ததுதான் காரணம். அரசு செய்தது சரியா, நிறுவனம் செய்தது சரியா என்ற வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு உதவி நின்றது. அந்தப் பிள்ளைகளை யார் கேட்டார்கள்?

பொலிவியாவில் 2006இல் வேறொரு காரியம் செய்தார்கள். எரிவாயு வருமானத்தில் அரசின் பங்கைக் கூட்டி, அதிலிருந்து அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு வருடத்துக்கு 200 பொலிவியானோ என்று கொடுக்கத் தொடங்கினார்கள். தொடக்க வகுப்புகளில் ஆரம்பித்து மேல் வகுப்புகளுக்கும் விரித்தார்கள். தொகை சிறியதுதான். ஆனால் அக்காவுக்கும் உண்டு, தம்பிக்கும் உண்டு. படம் பிடிக்கவில்லை, நன்றிக் கடிதம் கேட்கவில்லை.

இதைப் படிக்க நாம் பொலிவியா வரை போக வேண்டியதுகூட இல்லை. 1956இல் காமராசர் பள்ளியில் மதிய உணவு போட்டபோது, ஒரு வீட்டுக்கு ஒரு தட்டு என்றா சொன்னார்?

சரி, இன்று நமக்கு என்ன இருக்கிறது? மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் ஸ்பான்சர்ஷிப் உண்டு. 2022 வழிகாட்டு நெறிகளின்படி ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். தாய் விதவை என்றால், கணவன் கைவிட்டுப் போயிருந்தால், பெற்றோருக்கு உயிர்கொல்லி நோய் என்றால், பெற்றோர் இல்லாமல் உறவினர் வீட்டில் பிள்ளை வளர்ந்தால் கேட்கலாம். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுக்க வேண்டும். கம்பத்திலோ போடியிலோ பாட்டி வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தையும் விசாரியுங்கள். அது மாதம் 2,000 ரூபாய் என்று தொடங்கியது.

ஆனால் ஒரு முள் இருக்கிறது, கவனியுங்கள். வாத்சல்யா நெறிகளில் கிராமப்புறக் குடும்பத்துக்கு ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாய். 2015இல் மூணாறில் நம் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’யாகத் தெருவில் உட்கார்ந்து போராடினார்கள். முதலில் 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். அதன் பிறகுதான் நாள் கூலி 301 ரூபாய் ஆனது. 300 நாள் வேலை செய்தால் எவ்வளவு? 90,300 ரூபாய்! நோய்நொடி பாராமல் தினமும் கூடை சுமக்கும் விதவையின் பிள்ளை, அவள் உழைத்த குற்றத்துக்காகவே தள்ளப்படும். 2015ஆம் ஆண்டுக் கூலியே 2022ஆம் ஆண்டு வரம்பைத் தாண்டுகிறது என்றால், இது யாருக்காக எழுதிய வரம்பு?

ஆகவே இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று, வரம்புக்குள் வருகிறவர்கள், குறிப்பாக ஏலக்காட்டிலும் மூடிக்கிடக்கும் எஸ்டேட்டுகளிலும் தற்காலிக வேலை பார்ப்பவர்கள், ஒருவர்கூட விடாமல் மனுக் கொடுக்க வேண்டும். வில்லேஜ் ஆபீஸில் வருமானச் சான்று, பிள்ளையின் ஆதார், பள்ளிச் சான்று, இறப்புச் சான்று அல்லது மருத்துவச் சான்று, இவற்றை இப்போதே சேர்த்து வையுங்கள். மலையாளத்தில் எழுதத் தெரியாதே என்று தயங்காதீர்கள். எழுதிக் கொடுக்க நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். இரண்டு, அந்த வருமான வரம்பை உயர்த்தச் சொல்லித் தோட்டம் தோட்டமாகக் கையெழுத்து வாங்குவோம்.

யாராவது நல்லவர் வந்து உதவினால் மறுக்க வேண்டாம், வாங்கிப் படியுங்கள். ஆனால் கைகட்டி நின்று தேர்ந்தெடுக்கப்படுவது வேறு, நமக்குச் சேர வேண்டியதைக் கேட்டு வாங்குவது வேறு.

என் தம்பி இதோ, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். முதல் கையெழுத்தை அவன் போடட்டும்.