போர்க்களங் கண்ட நெசவுப் பாட்டனார்

(காஞ்சிபுரத்தில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நம் குலத்தின் வீரம் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்தனர். இப்பொருளை இம்மேடையிற் பேசினோர் பலர். குந்தம் என்பது ஈட்டி. செவ்வீட்டி ஏந்தினோர் செங்குந்தர் என்பதனை ஈண்டுள்ள சிறுபிள்ளையும் அறியும். சோழர் கல்வெட்டுக்களிலே தெரிஞ்ச கைக்கோளப் படைகள் பேசப்படுகின்றன. தெரிஞ்ச என்பது தேர்ந்தெடுத்த என்னும் பொருட்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மூன்று சோழ வேந்தரின் அவையில் வீற்றிருந்த ஒட்டக்கூத்தரை நம்மவர் என்று கொண்டாடுகின்றோம். ஈட்டியெழுபதை அவர் பாடினார் என்கின்றோம். முருகவேளின் படைத்துணைவராகிய நவவீரர் வழியினர் என்று குமரகோட்டத்துச் சந்நிதியில் நின்று பெருமை கொள்கின்றோம். இவற்றை மீண்டும் எடுத்துரைப்பின் நீவிர் கைதட்டுவீர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆயிரம் ஆண்டுக்கு முற்பட்ட ஈட்டியைப் பற்றி இத்துணைச் செய்தி அறிந்த நாம், நம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்து மறைந்த கிழவரைப் பற்றி ஒரு வரியேனும் எழுதி வைத்தோமில்லை. ஆகலின் இன்று அத்தகைய கிழவர் ஒருவரைப் பற்றியும், கிழவராகும் பேறு பெறாத மற்றொருவரைப் பற்றியும் பேசக் கருதினோம்.

முன்னவர் எம் தந்தையைப் பெற்ற பாட்டனார். அவரது ஊர் வாலாஜாபாத்துக்குத் தெற்கே ஏரிக்கரையை அடுத்த ஒரு சிற்றூர். குழித்தறி இரண்டும், மானாவாரி நிலம் அரைக்காணியும் குடும்பத்தின் சொத்து. கோர்வைச் சேலை நெய்வதற்குத் தறியின் ஒருபுறம் இருந்து கரை நாடாவைத் தள்ள ஒரு சிறுவன் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எம் பாட்டனார் ஏழாம் வயதில் அவ்விடத்தில் அமர்ந்தார். எழுத்து கற்றது அதற்கு முன் இரண்டாண்டு. அவ்வளவே அவரது கல்வி.

1941-ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பான் போரிற் புகுந்தது. கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த பட்டு நூலின் வரவு நின்றது. மைசூர்ச் சீமையில் விளைந்த பட்டையோ வானிலிருந்து வீரர் குதிக்கும் பாராசூட்டுக்கென்று அரசினர் கொண்டனர். தறி இருந்தது, கை இருந்தது, நூல் இல்லை. மணமகளுக்குரிய பட்டு போர்வீரனுக்குக் குடையாய்ப் போயிற்று; அதனை நெய்தற்குரியவனும் பின்னாலேயே போனான் என்று பாட்டனார் நகைத்துக் கூறுவதுண்டு. 1942-இல் பெங்களூர் சென்று சென்னை ஸாப்பர்ஸ் படையிற் சேர்ந்தார். வீரம் விளைக்கச் சென்றாரல்லர். வீட்டில் அடுப்பெரியவேண்டிச் சென்றார். இதனை மறைத்துப் பேசுதல் அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

அப்படையின் வரலாறு நம் ஊரோடு ஒருவாறு தொடர்புடையது. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் இக்காஞ்சிக்கு அருகே புள்ளலூரிலே ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்தனர். அம்மாத இறுதியிலேயே சென்னைக் கோட்டையில் இப்படையின் முதல் இரு கம்பெனிகள் திரட்டப்பெற்றன. அன்று பயனியர்கள் என்று பெயர். பாலம் அமைத்தல், பாதை வெட்டுதல், பகைவர் புதைத்த வெடிகளை அகற்றுதல் ஆகியன இவர்தம் தொழில். பிற படையினர் இவர்களைத் ‘தம்பி’ என்றே அழைப்பர். பெங்களூரில் இன்றும் அப்பெயர் வழங்குகின்றது.

பாட்டனார் கப்பலேறி முதலில் எகிப்தையும், பின்னர் இத்தாலியையும் கண்டார். 1944 தொடக்கத்தில் அவர் இருந்தது காஸினோ மலைக்கு அண்மையில். மலையுச்சியில் பழைய மடம் ஒன்று. அது பிப்ரவரி 15-ஆம் நாள் விமானக் குண்டுகளால் தகர்க்கப்பட்டது. மழையும் பனியும் சேறுமாகிய அந்நிலத்திலே, கோவேறு கழுதை ஏறும் ஒற்றையடிப் பாதையை டாங்கி ஏறும் சாலையாக நம் ஸாப்பர்கள் நியூஸிலாந்தினரோடு சேர்ந்து வெட்டினர். பகைவர் கண்ணுக்குப் புலப்படாமல் அவ்வேலை நடைபெறவேண்டியிருந்தது. பாலாற்று மணலில் நடந்து பழகிய கால்கள் பனியில் வெடித்தன என்பதைத் தவிரப் பாட்டனார் அதனைப் பற்றி வேறொன்றும் சொன்னாரில்லை.

கண்ணிவெடி தேடுவதைப் பற்றி மாத்திரம் ஒருமுறை விரிவாகச் சொன்னார். கருவி ஒலி எழுப்பும்; ஆனால் மரப்பெட்டியில் அடைத்த வெடிக்குக் கருவி வாய் திறவாது. அப்போது குப்புறப் படுத்துத் துப்பாக்கிக் கத்தியின் முனையைச் சாய்வாக மண்ணிற் செருகி, விரலறியத் தேடவேண்டும். பாவில் அறுந்த இழையை இருட்டிலே விரலால் கண்டுபிடிக்கின்ற நெசவாளிக்கு அது புதிதன்று என்றார். இழை அறுந்தால் முடிந்துகொள்ளலாம் என்றும் சேர்த்துக் கூறினார்.

மற்றொருவர் சுபேதார் சுப்பிரமணியன். அவர் நம் காஞ்சிபுரம் மாவட்டத்துக் கீழ்ஒட்டிவாக்கத்திற் பிறந்தவர். அதே சென்னை ஸாப்பர்ஸ் படையினர். எம் பாட்டனார் இருந்த கம்பெனியினர் அல்லர். 1944 பிப்ரவரி 24-ஆம் நாள், காஸினோவுக்குத் தெற்கே மிஞ்ஞானோ என்னும் இடத்தில், வெடிகளை அகற்றிப் பாதை காணும் குழுவொன்றை நடத்திச் சென்றார். குழுவிலிருந்த ஒருவர் காலடியில் ஒரு வெடி மிதிபட்டது. அவ்வகை வெடி மிதித்தவுடன் வெடிப்பதில்லை. சில நொடிகள் கழித்து மேலெழுந்து, நாற்புறமும் இரும்புத் துண்டுகளைச் சிதறும். அந்நொடிகளுக்குள் மற்றவர் ஓடித் தப்புதல் இயலாது என்பதை ஸாப்பர் அறிவான்; அவன் ஒருவன் விலகி விழுந்து தப்புதல் இயலும் என்பதையும் அறிவான். சுபேதார் அவ்வெடியின்மேல் தம் உடலைப் போர்த்துப் படுத்தார். அவர் மாண்டார், உடன் வந்தோர் பிழைத்தனர். அவ்வாண்டு ஜூன் இறுதியில் ஜார்ஜ் சிலுவை அவருக்கு அறிவிக்கப்பட்டது. இந்தியருள் அதனை முதலிற் பெற்றவர் அவரே.

இச்செய்தியைச் சென்ற மாதம் யாம் சொல்லியபோது, அவர் எக்குலத்தினர் என்று நம்முள் ஒருவர் வினவினார். யாம் ஆராயவில்லை. அவர் படுத்தபோது பின்னால் நின்றவர் எக்குலத்தினர் என்று அவரும் ஆராய்ந்திலர்.

இனிப் பாட்டனாரிடம் மீள்வோம். 1946-இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டுத் திரும்பினார். ஓய்வூதியத்திற்குரிய காலம் நிறையவில்லை. இறங்கிய மூன்றாம் நாள் தறிக்குழியில் இறங்கினார் என்று பாட்டியார் கூறுவார். அதன்பின் ஏறத்தாழ நாற்பத்தைந்து ஆண்டு அக்குழியை விட்டு அவர் வெளிவந்தது விதைப்புக்கும் அறுப்புக்கும் திருவிழாவுக்குமே. விடியற்காலை நான்கு மணிக்கு எழுவார். வெயில் ஏறுமுன் தெருவில் பாவை நீட்டிச் சரிசெய்து முடிப்பார். பகல் முழுதும் நெய்து, மாலையில் ஏரியடி நிலத்தில் வேர்க்கடலைக்குக் களையெடுப்பார். நான்கு பிள்ளைகளைப் படிக்கவைத்ததும் மூன்று பெண்களுக்கு மணஞ் செய்ததும் அக்குழியிலிருந்தே. தாம் நெய்த பட்டை எம் அத்தைமார் உடுத்தியது மணநாளில் மட்டுமே. அதனையும் முதலாளியிடம் கடனாகப் பெற்றார்.

கோர்வைக்கு எதிரே அமரும் சிறுவன் நீண்ட நாள் யாமாகவே இருந்தோம். “அக்குவா கொண்டா கண்ணு” என்பார். செம்பில் தண்ணீர் கொண்டு கொடுப்போம். அக்குவா என்பது தறிக்குரிய ஏதோ ஒரு சொல் என்று தெருவார் எண்ணியிருந்தனர். இரண்டு மூன்று தறிகளில் அது வழக்கிலும் வந்துவிட்டது. இத்தாலியர் தண்ணீருக்கு இடும் பெயர் அது என்பதை யாம் கல்லூரியிற் பயிலும்போதுதான் அறிந்தோம். தமிழ்ப் பண்டிதராகிய எமக்கு வேற்றுமொழிச் சொல்லைத் தறியடியில் விரவவிட்ட குற்றத்தில் இவ்வாறு பங்குண்டு.

இத்தாலிப் போருக்கென்று அளிக்கப்பட்ட வெண்கல நட்சத்திரம் ஒன்று அவரிடம் இருந்தது. பூஜை விளக்குகளோடு அதனையும் சேர்த்து வெள்ளிதோறும் புளியிட்டுத் துலக்குதல் பாட்டியாரின் வழக்கம். அது பொன்போல் மின்னிற்று. ஆண்டுகள் செல்லச் செல்ல எழுத்து தேய்ந்துபோயிற்று.

பாட்டனார் 1996-இல் காலமானார். ஓய்வூதியம் பெறாத இரண்டாம் உலகப்போர் வீரர்க்கும் அவர்தம் மனைவியர்க்கும் மாநில அரசு மாதந்தோறும் உதவித்தொகை வழங்குவதைப் பிறகே அறிந்து, பாட்டியாரை ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றோம். படையிலிருந்து விடுவித்த புத்தகம் எங்கே என்றனர். அது கரையான் தின்ற தாளாக மரப்பெட்டியின் அடியில் கிடந்தது. படை எண் யாது என்றனர். எம்மில் ஒருவரும் அறியோம். எந்தக் கம்பெனி? அதுவும் அறியோம். பாட்டியார் முந்தானை முடிச்சை அவிழ்த்து நட்சத்திரத்தை மேசைமேல் வைத்தார். அதில் பெயரைப் படிக்க இயலவில்லை என்று சொல்லித் திருப்பித் தந்தனர். அது உண்மையே, அவ்வகை நட்சத்திரங்களை அந்நாளில் இந்திய வீரர்க்குப் பெயர் பொறித்தே கொடுத்தனர்; ஆயினும் இதில் எழுத்து தேய்ந்துபோயிருந்தது. மூன்று முறை சென்றோம். நான்காம் முறை பாட்டியார் வர மறுத்துவிட்டார். உதவித்தொகை இன்றியே அவரும் மறைந்தார். அலுவலகத்தாரை நொந்து பயனில்லை. பத்தாண்டு எதிரெதிரே அமர்ந்து நாடா தள்ளியும், உம் எண் யாது தாத்தா என்று யாம் ஒருநாளும் கேட்டோமில்லை.

உங்களில் எத்தனை பேர் வீட்டுப் பரண்களில் இத்தகைய பெட்டிகள் உளவோ அறியோம். அந்தப் போருக்குச் சென்ற இந்தியர் இருபத்தைந்து லட்சம் பேர். நம் தெருக்களிலிருந்து ஒருவரும் செல்லாதிருக்க இயலாது. பெட்டியைத் திறந்து பாருங்கள். தாள் கிடைப்பின் படி எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புங்கள். பெயர், ஊர், படை எண், சென்ற ஆண்டு, வந்த ஆண்டு என இவ்வளவு போதும். ஈட்டியெழுபது பற்றிய எம் கட்டுரையை அச்சிடாது நிறுத்தியாவது அவற்றுக்குப் பக்கம் ஒதுக்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொண்டுள்ளோம். அவரும் இசைந்தார், சற்று விரைவாகவே இசைந்தார் என்று தோன்றிற்று.

ஒன்று சொல்ல மறந்தோம். எமக்குப் பத்து வயதிருக்கும்போது, உறவினர் வீட்டுத் திருமணத்தின் பொருட்டுப் பாட்டனாரோடு கீழ்ஒட்டிவாக்கம் வழியே நடந்து செல்ல நேர்ந்தது. ஊர் எல்லை வந்ததும் அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். சித்திரை வெயில். கோயில் எங்கே இருக்கிறது என்று கேட்டோம். கோயில் இல்லை என்றார்.

“இந்த ஊர்க்காரர் ஒருத்தர் படுத்தார். நாங்கள் நடந்தோம்” என்றார்.

மறு எல்லை வரையில் எம்மையும் வெறுங்காலோடே நடத்திச் சென்றார்.