யூத மக்களின் அறப்பணி முறை

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏழை மாணாக்கர்க்கு நோட்டுப் புத்தகமும் உதவிப் பணமும் வழங்கும் இவ்விழாவிலே, தமிழ்ப் பண்டிதன் ஒருவன் யூத மக்களைப் பற்றிப் பேசப் புகுவது எற்றுக்கு என்று சிலர் கருதக்கூடும். காரணம் உண்டு. யான் ஏழாம் வகுப்பிற் பயிலுங்கால், ஒரு மேடையிலே என் பெயரை ஒலிபெருக்கியில் அழைத்து, தந்தையை இழந்த ஏழைப் பிள்ளை என்று அறிவித்து, சட்டைத் துணி தந்தார்கள். தந்தவர் நல்லவர், துணியும் நல்ல துணி. ஆயினும் அத்துணியில் தைத்த சட்டையை யான் ஒருநாளும் பள்ளிக்கு அணிந்து சென்றிலேன். பல்லாண்டு கழித்து யூதர்தம் அறநூற் செய்திகளைப் படித்தபொழுது, அந்தப் பிள்ளையின் வெட்கத்தை முன்னரே எண்ணிப்பார்த்து விதி வகுத்த பெரியோர் இருந்தனர் என்று கண்டேன்.

ஏழைக்குப் பொருள் தருவதை யூதர் 'செதாக்கா' என்பர். அச்சொல் நீதி என்னும் பொருளுடைய வேரினின்றும் பிறந்தது. தருபவன் தன் பெருந்தன்மையைக் காட்டுகின்றான் என்பது அதன் கருத்தன்று. கடமையைச் செய்கின்றான் என்பதே கருத்து. ஆதலின், பிறர் தரும் பொருளால் வாழும் ஏழையும் தன்னினும் எளியவர்க்குச் சிறிது ஈதல் வேண்டும் என்று விதித்தனர். வாங்குவோன் என்றும் வாங்குவோனாகவே இருந்துவிடலாகாது அன்றோ!

பண்டு யூதர் வாழ்ந்த ஊர்களில் இருவகை அறநிதி இருந்தது. ஒன்று, வாரந்தோறும் வெள்ளிக்கிழமை பங்கிடும் பணப்பெட்டி. மற்றொன்று, நாள்தோறும் உணவு திரட்டிப் பசித்தோர்க்கு அளிக்கும் ஏற்பாடு. பணம் தண்டுவோர் இருவர்க்குக் குறையலாகாது, பங்கிடுவோர் மூவர். பிறன் பொருளைப் பகிர்தல் வழக்குத் தீர்ப்பது போன்றதாகலின், மூவர் கூடியே செய்தல் வேண்டுமென்றனர். தண்டற்காரன் வழியிலே காசு ஒன்றைக் கண்டெடுத்தாலும் தன் பையிற் போடலாகாது, அறப்பெட்டியிலேயே இடவேண்டும். காண்போர் ஐயுறுவர் என்பதே காரணம். வரவு செலவுக் கணக்கு வாசிக்கும்போது முகம் சுளிக்கும் நம் அன்பர்கள் சிலர் இதனைச் சற்றே நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

இனி, வெட்கத்தின் செய்திக்கு வருகிறேன். கி.பி. 70-இல் அழிந்த எருசலேம் ஆலயத்திலே ஓர் அறை இருந்ததாக மிஷ்னா என்னும் நூல் கூறுகிறது. அறவோர் அதனுட் சென்று ஒருவருமறியாமற் பொருள் வைப்பர். நல்ல குடியிற் பிறந்து நலிந்தோர் ஒருவருமறியாமல் எடுத்துக்கொள்வர். 1204-இல் மறைந்த பேரறிஞர் மைமோனிடிஸ், ஈகையை எட்டுப் படியாக வகுத்தார். வேண்டாவெறுப்பாய்த் தருவது கடைசிப் படி. காசைத் துணியில் முடிந்து தம் முதுகுப்புறம் தொங்கவிட்டுச் சென்ற பெரியோரைப் பற்றியும் அவர் குறிக்கின்றார். பின்னே வரும் ஏழை அவிழ்த்துக்கொள்வானாம், முன்னே செல்பவர் திரும்பிப் பாரார். தருவோனும் பெறுவோனும் ஒருவரையொருவர் அறியாதது இரண்டாம் படி. முதற்படியோ, கடன் தந்தும், தொழிலிற் கூட்டாகச் சேர்த்தும், வேலை தேடிக்கொடுத்தும், அவன் இனி எவரிடமும் கையேந்தாதபடி செய்வதாம்.

இம்முதற்படி ஏட்டளவில் நின்றுவிடவில்லை. 1892-இல் நியூயார்க்கு நகரத்திலே, ஐரோப்பாவினின்றும் குடியேறிய யூதர்க்குச் சிறு கடன் தருவதற்கென எபிரேய இலவசக் கடன் சங்கம் தோன்றியது. வட்டி இல்லை, பிணை நிற்போர் உண்டு. தையல் இயந்திரம் வாங்கவும், தள்ளுவண்டியில் சரக்கு ஏற்றவும் அப்பணம் பயன்பட்டது. யூதரல்லாதார்க்கும் அக்கடன் கிடைத்து வருகின்றது.

பொருளீகையினும் உயர்ந்ததாக அவர் கருதுவது 'கெமிலுத் ஹசாதிம்', அதாவது அன்புச் செயல். பொருளீகை பணத்தால் மட்டும் ஆவது; அன்புச் செயல் உடலுழைப்பாலும் ஆவது. முன்னது ஏழைக்கே உரியது. பின்னது செல்வர்க்கும் வேண்டுவது. முன்னது வாழ்வோர்க்கு, பின்னது இறந்தோர்க்கும் உரியது. பிணத்தைக் குளிப்பாட்டி அடக்கஞ் செய்தற்கென்றே ஊர்தோறும் தொண்டர் குழு வைத்திருக்கின்றனர். இறந்தவர் கைம்மாறு செய்யார் ஆகலின், அதுவே மெய்யான அன்பு என்பர். முற்காலத்தே அடக்கச் செலவு மிகுந்து, உறவினர் பிணத்தை விட்டு ஓடும் நிலையும் நேர்ந்ததாம். அப்பொழுது தலைவராயிருந்த ரப்பான் கமாலியேல், தம் உடலை எளிய சணல்நூல் ஆடையிற் பொதிந்து எடுக்கச் செய்தார். ஊரார் அனைவரும் அவ்வழியைப் பின்பற்றினர்.

பிள்ளைகளை இதிற் பழக்கும் முறை எளிது. யூதப் பள்ளிகளில் ஓய்வுநாளுக்கு முன் வெள்ளிக்கிழமையன்று வகுப்பில் உண்டிப்பெட்டி சுற்றிவரும். சிறு குழந்தையும் ஒரு காசு இடும். பதின்மூன்று வயது நிறைந்து சமயக் கடமை ஏற்கும் சடங்கின்போது, பல ஜெப ஆலயங்களிற் பிள்ளை தானே ஒரு தொண்டைத் தேர்ந்து செய்யும் வழக்கம் இந்நாளிற் பரவியுள்ளது. ஓய்வுநாள் உணவுக்கான அரிசி, காய், ரொட்டி முதலியவற்றைப் பெட்டியிலிட்டு, வறியோர் வீட்டு வாயிலில் வைத்துவிட்டு வரும் தொண்டிலும் மாணவர் சேர்கின்றனர். கதவைத் தட்டி முகம் பார்த்து நிற்பதில்லை.

சில பள்ளிகளில் இத்தனை மணி நேரம் தொண்டு செய்தாக வேண்டுமென்று கணக்கிடுகிறார்கள். ஆசிரியனாகிய எனக்கு இது முதலில் உவப்பாயில்லை. மதிப்பெண்ணுக்காக அன்பு காட்டுவதா என்று எண்ணினேன். எனினும், மணிக்கணக்கை நிரப்பச் சென்ற சிறுவன், முதியோர் இல்லத்துப் பாட்டி ஒருத்தி தன்னை எதிர்பார்த்திருப்பாள் என்று பிறகும் போகக்கூடும். வேறு நோக்கத்தோடு தொடங்கினும் தொடங்குக, பின்பு உள்ளம் திருந்தும் என்பதே அவர்தம் ஆன்றோர் கொள்கையும்.

மற்றொன்று, நம்மைப்போன்ற சங்கத்தார் செவிக்குச் சற்றே கடினமானது. தம்மவரைக் காப்பது முதற்கடமை என்ற தால்முத் நூலே, ஊரில் அமைதி நிலவும்பொருட்டுப் பிறரது ஏழைகளையும் தம் ஏழைகளோடு சேர்த்துத் தாங்குக என்கிறது. இங்கிலாந்தில் 2005-இல் லாரா மார்க்ஸ் அம்மையார் தொடங்கிய 'மிட்ஸ்வா நாள்' பணம் கேட்பதில்லை, நேரத்தையே கேட்கிறது. 2016-இல் கிழக்கு லண்டன் மசூதியிலே யூதரும் முஸ்லிம்களும் ஒருங்கு கூடி, வீடற்றோர்க்குக் கோழிச் சாறு சமைத்தனர்.

முடிவாக ஒரு செய்தி. முன்னாளில் துக்க வீட்டுக்கு உணவு கொண்டு செல்கையில், செல்வர் வெள்ளித் தட்டிலும் பொற்றட்டிலும், ஏழைகள் தோலுரித்த மிலாற்றுக் கூடையிலும் கொண்டு சென்றனர். ஏழைகள் நாணினர். பெரியோர் கூடி, இனி எல்லோரும் மிலாற்றுக் கூடையிலேயே கொண்டு செல்க என்று விதித்தனர். செல்வரின் தட்டை ஏழைக்குத் தந்தாரல்லர் என்பதைக் கவனியுங்கள்.

இதனையொட்டி ஒரு தீர்மானத்தை இவ்வவை முன் வைக்கிறேன். வரும் ஆனி மாதம் முதல், உதவி பெறும் மாணாக்கர் பெயரை மேடையில் அழைப்பதும், புகைப்படம் எடுப்பதும், இதழில் வெளியிடுவதும் நிறுத்தப்பட வேண்டும். நோட்டுப் புத்தகம் நம் வகுப்பார் பிள்ளைகளுள் வசதியுள்ளோர், இல்லோர் அனைவர்க்கும் ஒரே மேசையில் ஒரே வகையாய் வழங்கப்படட்டும். உதவிப் பணம் மட்டும் மூவர் குழுவின் வழியே தனியே வீடு சேரட்டும். அம்மூவருள் ஒருவனாக உழைக்க யான் இசைகிறேன். திருத்தம் உரைக்க விரும்புவோர் இப்பொழுதே உரைக்கலாம்.