கடல் கடந்தும் தொடரும் மாரடைப்பு

சிங்கப்பூரில் நடந்த 9,568 பிரேதப் பரிசோதனைகளின் பதிவேடுகளை மருத்துவர் டி.ஜே. தனராஜும் அவரோடு பணியாற்றியவர்களும் ஆராய்ந்து, 1959இல் முடிவை வெளியிட்டார்கள். இதயத் தமனி நோய், அங்கிருந்த சீனர்களைவிட இந்தியர்களிடம் ஏழு மடங்கு அதிகம். அந்த இந்தியச் சமூகத்தில் தமிழர்களே பெரும்பான்மை. பிற்பாடு, பஞ்சாபிகள் திரண்டு வாழும் லண்டன் சௌத்தாலிலும் இதே போக்கு தெரிந்தது. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, முதல் மாரடைப்பு தெற்காசிய நாடுகளில் சராசரியாக 53 வயதிலும், பிற நாடுகளில் 59 வயதை ஒட்டியும் வருகிறது.

இதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். துகளோடு நீண்ட புரதம் ஒன்று பிணைந்திருந்தால், அது லிப்போபுரதம்-ஏ. ரத்தக் குழாய்ச் சுவரில் கொழுப்பு படிய இது துணைபோகிறது. இதன் அளவை ஆறாவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எண்ணெயைக் குறைத்தாலும், தினமும் நடந்தாலும் அந்த அளவு பெரிதாக மாறாது. டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து கூடும். தெற்காசியர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு அளவு அப்படித்தான் இருக்கிறது. வழக்கமான கொலஸ்ட்ரால் பரிசோதனையில் இது தெரியாது; தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் பெரும்பாலும் போதும்.

இன்னொரு பரம்பரை ஆபத்து இதயத் தசையைச் சார்ந்தது. தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருப்பதை, மதுரை, ஹைதராபாத் அறிவியலாளர்களை உள்ளடக்கிய குழு 2009இல் அறிவித்தது. தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இது உண்டு. நடுவயதுக்குப் பிறகு இதயம் பலவீனமாகும் வாய்ப்பை இது கூட்டுவதாக அந்தக் குழு கண்டது.

ஆனால் மரபணு மட்டுமே நோயைக் கொண்டுவருவதில்லை. குடியேறிய நாட்டில் உடலுழைப்பு குறைந்து, வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோயும் வரும்போதுதான் பிறவி ஆபத்து பெருகுகிறது. புகையிலை, ரத்த அழுத்தம், சர்க்கரை, இடுப்புச் சுற்றளவு எல்லாம் கட்டுப்படுத்தக்கூடியவை. தெற்காசிய ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள்ளும், பெண்களுக்கு 80க்குள்ளும் இருப்பது நல்லது.

2018இல் வெளியான அமெரிக்கக் கொலஸ்ட்ரால் வழிகாட்டி, தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் காரணமாகக் கணக்கிடுகிறது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்கு முன்போ, அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்கு முன்போ மாரடைப்பு வந்திருந்தால், அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.