எரிசாராயம் கலந்த பெட்ரோல்

மைசூரிலிருந்து பெங்களூர் செல்லும் பழைய சாலையில், மாண்டியாவை அடுத்து இருமருங்கும் கரும்புத் தோட்டங்களைக் காண்கிறோம். 1933-இல் மைசூர்ச் சர்க்கரைக் கம்பெனி தோன்றிய ஊர் அது. சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கழிவுப்பாகைப் புளிக்கவைத்து வடித்தால் எரிசாராயம் கிடைக்கிறது. அதைப் பெட்ரோலுடன் கலப்பதற்கு 1948-இலேயே நம் நாட்டில் சட்டம் இயற்றப்பட்டது. 2003-இல் நூற்றுக்கு ஐந்து பங்காகத் தொடங்கிய கலப்புத் திட்டம், 2025-இல் இருபதை எட்டியது.

வண்டியோட்டும் நமக்கு இதனால் நன்மையா, தீமையா?

அயல்நாட்டு எண்ணெய்க்குச் செல்லும் பணம் குறைகிறது. கரும்பு பயிரிடுவோருக்கு வருவாய் கிடைக்கிறது. எஞ்சின் தட்டுவதும் குறைகிறது. இவை நன்மைகள்.

ஆனால், ஒரு லிட்டர் எரிசாராயம் தரும் வெப்பம், பெட்ரோல் தருவதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே பழைய கார்கள் லிட்டருக்கு ஓடும் தொலைவு நூற்றுக்கு ஆறேழு பங்கு குறையலாமென 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே கூறுகிறது. மேலும், எரிசாராயம் ஈரத்தை ஈர்க்கும். நெடுநாள் நின்ற வண்டியின் தொட்டியில் துருவேற்றும். பழைய ரப்பர்க் குழாய்களை நைந்துபோகச் செய்யும்.

பொங்கலுக்குத் திம்பம் மலைப்பாதையின் இருபத்தேழு வளைவுகளைக் கடந்து ஊர் செல்லும் நாம், புறப்படுமுன் எரிபொருள் குழாயையும் வடிகட்டியையும் சோதித்துக்கொள்வது நலம். மாதக்கணக்கில் வண்டியை நிறுத்துவதாயின் தொட்டியில் பெட்ரோலைத் தேக்கி வைக்கலாகாது.

கலப்பினால் நாடு பெறும் இலாபத்தில் சிறு பங்கேனும் விலைக் குறைப்பாக நம்மை வந்தடைய வேண்டுமென்று கேட்பது, பேராசையன்று, நியாயமே.