அடுப்படிக்கும் ஒரு புகைபோக்கி

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



டொக்டர் பேச வந்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று பேசுவார் என எதிர்பார்த்திருப்பீர்கள். நான் விறகைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நான் லயத்தில் பிறந்தவள். கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அம்மாவின் தலையில் ஒரு மிலாறுக் கட்டு இருக்கும். கவ்வாத்து வெட்டிய மலையில் பொறுக்கியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஈரத்தோடுதான் அடுப்புக்குப் போகும். அம்மா ஊதாங்குழலை வைத்து ஊத, காம்பரா முழுக்கப் புகை. காலையில் பதுளை பஸ்ஸில் ஏறும்போது என் வெள்ளைச் சீருடையிலும் அந்த வாசம் ஒட்டியிருக்கும். வகுப்பில் கூச்சமாக இருக்கும். பக்கத்தில் இருந்தவளின் சீருடையிலும் அதே வாசம் என்று தெரிந்த பிறகுதான் மனம் ஆறியது.

டொக்டரான பின் அந்த வாசத்தை மறந்துவிட்டேன். இளைப்போடு வரும் தோட்டத்துப் பெண்களிடம், "புகைப்பழக்கம் உண்டா?" என்று கேட்பேன். "இல்லை" என்பார்கள். அப்படியே எழுதிக்கொண்டு, மருந்து கொடுத்து அனுப்புவேன். ஒரே மாரியில் மூன்றாம் தடவை வந்த ஓர் அம்மா சொன்னார்: "சுருட்டெல்லாம் குடிக்கிறதில்லீங்க டொக்டர். அடுப்புப் புகையத்தான் முப்பது வருஷமா குடிக்கிறேன்." என் அம்மாவின் இருமல் அப்போதுதான் எனக்கு விளங்கியது. அம்மா போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

வீட்டுக்குள் சூழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறக்குறைய 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. நாள்பட்ட சுவாசத்தடை நோய், மாரடைப்பு, பக்கவாதம் எல்லாம் அதில் அடங்கும். சிறு பிள்ளைகளுக்கு நிமோனியா வரும் அபாயத்தை அந்தப் புகை கிட்டத்தட்ட இரு மடங்காக்குகிறது.

அப்படியானால் விறகு கெட்டதா? இல்லை. நம் தோட்டத்து ஸ்டோரைப் பாருங்கள். கொழுந்தை வாட்டவும் தேயிலையை உலர்த்தவும் அங்கே எரிவதும் விறகுதான். ஆனால் அந்த விறகு அளவாக வெட்டி, பிளந்து, கூரையின் கீழ் அடுக்கிக் காயவைத்தது. சூளைக்குள் காற்று போக வழி இருக்கிறது. மேலே உயரமான புகைபோக்கி இருக்கிறது. தேயிலையில் புகை வாசம் பட்டால் விலை போகாது. அதனால் தேயிலைக்குப் புகை படாமல் பார்த்துக்கொள்கிறோம். அந்தக் கொழுந்தைப் பறித்தவளுக்கு?

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். ஈர விறகை எரித்தால் சூட்டில் ஒரு பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகிறது. தீ தணிந்து, முழுதும் எரியாத மரம் புகையாகிறது. மழை படாமலும் காற்றுப் படும்படியும் சில மாதம் காயவைத்தால், குறைந்த விறகில் கூடுதல் சூடு கிடைக்கும்; புகையும் குறையும்.

மரக்கழிவின் மதிப்பு நாட்டுக்குத் தெரியாததல்ல. சீமைக்கிளுவை என்கிற கிளிரிசீடியாவை 2005இல் அரசாங்கம், தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. கிளையை வெட்ட வெட்டத் தழைக்கும், இலை பசளையாகும், தண்டு விறகாகும். நமது பதுளை மாவட்டத்தின் மஹியங்கனையில் இத்தகைய விறகை எரித்து மின்சாரமே எடுக்கிறார்கள். 2022இல் கேஸ் கிடைக்காதபோது, பட்டணத்துப் பெண்களும் விறகைத் தேடி அலைந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

மின்நிலையத்துக்கும் ஸ்டோருக்கும் தெரிந்த அறிவு லயத்து அடுப்படிக்கு மட்டும் ஏன் வந்து சேரவில்லை? அங்கே சமைப்பவளுக்கு விறகு அடுக்க இடமில்லை. சுவரில் ஒரு துவாரம் போடுவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். "ஈர விறகை எரிக்காதே" என்று அவளுக்கு நான் புத்தி சொல்லிப் பயனில்லை.

ஆகவே சங்கத்திடம் மூன்று காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, லயத்துக்கு ஒரு விறகுக் கொட்டில். நான்கு கம்பமும் சில தகரமும் போதும். இரண்டாவது, மூன்று கல் அடுப்புக்குப் பதிலாக 'அனகி' போன்ற மண் அடுப்பு. ஒரே தீயில் இரண்டு பானை வேகும், விறகு மிச்சமாகும். ஆனால் அனகியில் புகைபோக்கி இல்லை. ஆகவே தோட்ட நிர்வாகத்தோடு பேசிப் புகை வெளியேற வழி செய்து கொடுக்கவும் வேண்டும். மூன்றாவது, தனிக் காணியில் புதுவீடு எழும்பும்போது வரைபடத்திலேயே அடுப்படிக்குப் புகைபோக்கி இருக்கிறதா என்று கேட்பது. அதைக் கேட்கும் இடங்களில் நம் பிள்ளைகள் பலர் இன்று உத்தியோகத்தில் இருக்கிறார்கள்.

ஆண்டுக்கு ஒரு லயம் போதும். முதல் லயத்தின் தகரமும் அடுப்புகளும் என் பங்கு. அது அம்மா ஊதாங்குழல் ஊதிய லயம்.

வெளிநாட்டில் இருந்து இதை வாசிக்கும் சகோதரிகளே, நீங்களும் கை கொடுங்கள். இந்த மாவட்டத்தில் டொக்டராக இருக்கும் தங்கைமாருக்கு இன்னும் ஒன்று: "புகைப்பழக்கம் உண்டா?" என்று கேட்டதோடு நிறுத்தாதீர்கள். "வீட்டில் என்ன அடுப்பு?" என்றும் கேளுங்கள்.