"வயசாயிடுச்சு" என்று நான்தான் சொன்னேன்

(கோலார் தங்கவயலில், ஓராண்டுக்குள் மறைந்த எங்கள் லைன்வாசிகள் ஐவரின் படத்திறப்பில் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்தில் பெயர் சொல்லித்தான் பேசினேன். இணையத்தில் பெயர்கள் வேண்டாம் என்று சில குடும்பங்கள் கேட்டுக்கொண்டதால் ஐந்து பெயர்களையுமே இங்கே எடுத்துவிட்டேன்.)



இந்த மேசையில் ஐந்து படங்களைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறோம். வழக்கமாக ஒரு வீட்டுக்கு ஒரு படத்திறப்பு நடக்கும். இந்த முறை ஐந்து வீடும் சேர்ந்து வைக்கலாம் என்று முடிவு செய்தோம். செலவு குறையும் என்பது ஒரு காரணம். அதை மறைக்க வேண்டியதில்லை. ஷாமியானா ஒன்று, மைக் செட் ஒன்று, டீ ஒரு தடவை. இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

"ரொம்ப நீட்டாத, விடியக்காலம் எல்லாரும் ரயிலுக்குப் போவணும்" என்று அம்மா சொல்லியிருக்கிறார். முயற்சி செய்கிறேன்.

வெளியூரிலிருந்து வந்திருக்கும் தோழர்களுக்காக ஊரைப் பற்றிக் கொஞ்சம். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே தங்கம் தோண்ட வந்தது. தோண்டியவர்களில் பெரும்பாலோர் வடஆற்காட்டுப் பக்கத்துச் சேரிகளிலிருந்து கிளம்பி வந்த நம் பாட்டன்மார். ஆண்டைக்கு முன்னால் துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்ட வேண்டியதில்லை, கூலி காசாகக் கைக்கு வரும். அதற்காகத்தான் பூமிக்குள் இறங்கச் சம்மதித்தார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் அதுவும் ஒன்று. 2001இல் மொத்தமாக மூடினார்கள். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அன்றிலிருந்து இது பெங்களூருக்கு ரயிலேறிப் போய் உழைத்துவிட்டு, ராத்திரி வந்து படுக்கிற ஊர்.

கே.ஜி.எஃப். என்று 2018இல் ஒரு படம் வந்தது. ஊர்ப்பெயர் நாடு முழுக்கத் தெரிந்தது, நாம் யாரென்று தெரியவில்லை. 2024இல் தங்கலான் வந்தபோது எங்கள் லைனே கிளம்பிப் போய்ப் பார்த்தது. பக்கத்து வீட்டுத் தாத்தா மட்டும் வரவில்லை. தியேட்டர் படிக்கட்டு ஏற முடியாது என்றார். "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் உள்ளயே இருந்து பாத்தவன்" என்றார்.

முதல் படம் அவருடையது.

தாத்தா பாறையில் ட்ரில் ஓட்டியவர். முப்பது வருஷத்துக்கு மேல். இடது காது கேட்காது. நாம் பேசினால் வலது காதைக் காட்டித் தலையைத் திருப்புவார். தெரியாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார் என்று கோபித்துக்கொள்வார்கள். அவரைப் படுத்து யாரும் பார்த்ததில்லை. படுத்தால் மூச்சு வராது. கட்டிலில் சுவரோரமாக இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியே தூங்குவார். மூச்சு விடும்போது மெல்லிசாக ஒரு சத்தம் வரும். சின்ன வயதில் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் விசில் தாத்தா. அவர் காதுபடவே கூப்பிடுவோம். சிரிப்பார். சிரித்தால் இருமல் வரும். அதற்கும் நாங்கள் சிரிப்போம்.

அந்த விசில் என்ன என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். தங்கப்பாறையில் சிலிகா இருக்கிறது. துளை போடும்போது கண்ணுக்குத் தெரியாத தூளாகப் பறந்து நுரையீரலில் உட்காருகிறது. உட்கார்ந்த இடம் தழும்பாகிக் கெட்டியாகிறது. வேலையை விட்டாலும் அது விடுவதில்லை. தூசு இல்லாத இடத்துக்குப் போன பிறகும் தழும்பு வளர்ந்துகொண்டே போகலாம். காசநோயும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும். சிலிகோசிஸ் என்று பெயர். இது யாருக்கும் தெரியாத இரகசியமும் இல்லை. 1940 முதல் 1946 வரை இதே வயலில் 7,653 தொழிலாளிகளைச் சோதித்துப் பார்த்து, 43.7 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருப்பதாக எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தியாவில் இந்த நோயைப் பற்றிப் படிக்கும் எந்த மருத்துவ மாணவரும் நம் ஊர்ப் பெயரைப் படித்துத்தான் வருவார். 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் இது அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாக இருந்தது.

சுரங்கம் மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. தாத்தாவின் நெஞ்சுக்குள் மட்டும் அது மூடவில்லை.

போன ஆடியில் ஒருநாள் விடியற்காலையில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். மகன்கள் இரண்டு பேரும் லீவு கிடைக்காமல் வேலைக்குப் போய்விட்டதால் சாவைப் பதிவு செய்ய நான் போனேன். 21 நாளுக்குள் பதிய வேண்டும். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர், என்ன ஆச்சு என்று கன்னடத்தில் கேட்டார். வயசாயிடுச்சு என்று நானும் கன்னடத்தில் சொன்னேன். எழுதிக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்த ஆள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மரியாதையாகத்தான் பேசினார். சொன்னது நான். பட்டம் வாங்கியவள், பெங்களூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள், டிசம்பர் 6க்கும் ஏப்ரல் 14க்கும் தவறாமல் ஸ்டேட்டஸ் வைப்பவள். ஒரு தொழிலாளியின் சாவுக்குக் காரணம் கேட்டபோது, முப்பது வருஷத் தூசை ஒரே சொல்லில் துடைத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து பாட்டி கொடுத்த டீயைக் குடிக்கும்போதுதான் உறைத்தது. பாட்டி அந்த இரண்டு தலையணையை வெயிலில் காய வைத்திருந்தார்.

நாகம்மையார் 1933 மே மாதம் இறந்தபோது பெரியார் குடி அரசில் எழுதிய இரங்கலை இங்கே பலர் படித்திருப்பீர்கள். அதில் என்னை எப்போதும் நிறுத்துகிற இடம் ஒன்று உண்டு. பெண் விடுதலை பற்றி ஊருக்கெல்லாம் பேசினேனே, அதில் நூற்றில் ஒரு பங்காவது இவளிடம் நடந்துகொண்டேன் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை என்ற பொருளில் எழுதுகிறார். மனைவி செத்து மூன்று நாள்கூட முழுதாக ஆகியிருக்காது. இரங்கல் என்றால் இறந்தவரைப் புகழ்வது என்றுதான் நாம் பழகியிருக்கிறோம். அதில் எழுதுகிறவரும் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று அவர் காட்டினார்.

இரண்டாவது படம் அக்காவுடையது. சுரங்கம் மூடிய பிறகு லைனில் முதலில் ரயிலேறிய பெண்களில் ஒருவர். பெங்களூரில் நான்கு வீட்டு வேலை. ரயிலில் இடம் பிடிக்கிற வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். வண்டி நிற்பதற்கு முன்னால் ஜன்னல் வழியாக டிபன் பையைப் போட வேண்டும், துப்பட்டாவைப் போடக்கூடாது, துப்பட்டாவை யாரும் மதிக்க மாட்டார்கள், சோற்றுப் பையை நகர்த்த யோசிப்பார்கள். ஒரு வீட்டில் பாத்ரூம் பக்கத்தில் இவருக்கென்று ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருப்பார்களாம். "அந்த டம்ளர்ல ஒருநாளும் குடிச்சதில்ல, தாகமா இருந்தாலும் ரயிலடி வந்துதான் தண்ணி" என்பார். பெரிய போராட்டமாக இதைச் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே சொல்வார். சர்க்கரை நோய் வந்து, சிறுநீரகம் போய், நாற்பத்தாறு வயதில் இறந்தார். நாளெல்லாம் தண்ணீர் குடிக்காத கணக்கை எந்தக் காகிதத்தில் எழுதுவது?

மாமாவைப் பற்றிப் பேசுவது கஷ்டம். அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் பேசுகிறேன். "உள்ளத உள்ளபடி சொல்லு, எனக்கு ஒண்ணும் வெக்கம் இல்ல" என்றார்.

மாமா சுரங்கத்தில் கடைசியாகச் சேர்ந்த தலைமுறை. மூடியபோது முப்பது வயதுகூட நிரம்பவில்லை. பெயின்ட் வேலை என்று சொல்லிக்கொண்டு போவார். பல வருஷம் அவர் போனது மலக்குழி அள்ள. பாட்டன் பண்ணையிலிருந்து தப்பித்து வந்து, அப்பன் பூமிக்குள் இறங்கி, பேரன் இறங்கியது அந்தக் குழியில். கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதையும் சேர்த்துத் தடை செய்து 2013இல் இன்னொன்று வந்தது. இரண்டாவது சட்டம் வந்த பிறகும் மாமா இறங்கிக்கொண்டுதான் இருந்தார். குடிக்காமல் இறங்க முடியாது என்பார்கள். உண்மைதான். ஆனால் குடித்துவிட்டு வந்து அத்தையை அடித்ததும் உண்மை. அந்த அடியை இந்த வேலையின் கணக்கில் எழுதி மாமாவை விடுவித்துவிட எனக்கு மனமில்லை. அதே வேலை செய்து, கை நீட்டாதவர்களும் இதே லைனில் இருக்கிறார்கள். சாதி அவரை அந்தக் குழியில் இறக்கியது. வீட்டுக்குள் வந்து அவர் செய்ததற்கு அவரே பொறுப்பு. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் அது மாமாவின் வாழ்க்கை. மகள் நன்றாகப் படிக்க வேண்டும் என்று, சுத்தமாகக் குளித்துத் தலைவாரி, பள்ளிக்கூட வாசலில் கடைசி ஆளாக நின்று ஃபீஸ் கட்டியவரும் அவர்தான். இதையும் அத்தைதான் சொல்லச் சொன்னார்.

நான்காவது, நம் எல்லோருக்கும் ஆயா. சாவு வீட்டில் அடுப்பு எரியாது. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் வேளைக் கஞ்சி ஆயா வீட்டிலிருந்து போகும். கிறிஸ்தவ வீடா, பௌத்த வீடா, மாரியம்மனைக் கும்பிடுகிற வீடா என்று பார்க்க மாட்டார். ஆயா இறந்த அன்று காலை பதினொரு மணி வரை யாருக்கும் ஒரு வாய் டீகூட இல்லை. யார் போடுவது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐந்தாவது தம்பியைப் பற்றி நான் இன்று பேசவில்லை. அவன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வரும்போது நடந்தது எல்லோருக்கும் தெரியும். வயது 24. அவ்வளவுதான்.

இந்த ஐந்து சாவும் அரசாங்கக் கணக்கில் ஐந்து தனித்தனிச் சாவு. ஒன்று முதுமை, ஒன்று சிறுநீரகம், ஒன்று கல்லீரல், ஒன்று மாரடைப்பு, ஒன்று விபத்து. தனித்தனியாகப் பார்த்தால் எல்லா ஊரிலும் நடப்பதுதான். ஐந்து படத்தையும் ஒரே மேசையில் வைத்தால் அப்படித் தெரியவில்லை. ஒரே மேசையில் வைத்ததற்கு அதுதான் இன்னொரு காரணம்.

ஒரு விவரம். நாம் வாங்கி பீரோவில் பூட்டி வைக்கிற இறப்புச் சான்றிதழில் சாவின் காரணம் இருக்காது. காரணத்தை டாக்டர் தனிப் படிவத்தில் எழுதுகிறார். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் செய்த திருத்தப்படி, ஆஸ்பத்திரியில் சாவு நடந்தால் அந்தக் காரணச் சான்றின் ஒரு படியை நெருங்கிய உறவினருக்கும் கொடுக்க வேண்டும். கேளுங்கள். வீட்டில் இறந்தால், பார்த்துவந்த டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். எக்ஸ்ரே, மாத்திரைச் சீட்டு, பழைய வேலைச் சீட்டு எதையும் பிணத்தோடு போட்டுப் புதைக்காதீர்கள். தாத்தாவின் பழைய எக்ஸ்ரே படத்தைச் சூரிய கிரகணம் பார்க்க வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதில் ஒரு துண்டை வாங்கிக் கண்ணில் வைத்துப் பார்த்தவளும் நான்தான்.

எழுதி வைப்பது இந்த ஊருக்குப் புதிதில்லை. அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய தமிழன் இதழ், அவர் இறந்து பல வருஷம் கழித்து 1926இல் மீண்டும் வந்தது இந்தத் தங்கவயலிலிருந்துதான். அப்பாதுரையார் நடத்தினார். அயோத்திதாசரின் நூல்களைப் பதிப்பித்துக் காப்பாற்றிய சித்தார்த்தா புத்தகசாலையும் இங்கேதான் இருந்தது. பகலில் பூமிக்கு அடியில் பாறை உடைத்தவர்கள் மேலே வந்து படிக்கவும் எழுதவும் செய்தார்கள். 1930இல் எல்லாத் தொழிலாளியும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்றபோது, மொத்த வயலும் வேலையை நிறுத்தியது. குற்றவாளிக்கு எடுப்பதுபோல எங்களுக்கும் எடுப்பதா என்ற கோபம். நம்மைப் பற்றி யார், எப்படி எழுதுவது என்ற சண்டை அது.

அதனால் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறோம். 200 பக்கம், கோடு போட்டது, இதோ டீ கேன் பக்கத்தில் இருக்கிறது. பெயர், பிறந்த ஊர், என்னென்ன வேலை, எத்தனை வருஷம், என்ன நோய், எப்போது ஆரம்பித்தது. கீழே பாதிப் பக்கம் காலியாக விட்டிருக்கிறோம். அதில் உங்களுக்குத் தோன்றியதை எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் சொன்னால் பிள்ளைகள் எழுதுவார்கள். தாத்தாவின் பக்கத்தை நான் எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் இந்த முறை சரியாகச் சொல்லியிருக்கிறேன். பதிவேட்டில் அதை மாற்ற முடியுமா என்று வக்கீல் தோழர் ஒருவரிடம் கேட்டிருக்கிறோம். நேரம் எடுக்கும் என்கிறார்.

சரி, அம்மா கை காட்டுகிறார். படத்தைத் திறந்துவிடலாம்.

முதலில் தாத்தா. அவருக்கென்று தனியாக எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. இது பேத்தி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது எடுத்தது. கையில் அப்பளம் இருக்கிறது. அதை அழித்துவிடட்டுமா என்று ஸ்டூடியோக்காரர் கேட்டார், வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். வலது காதை நம் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார், பாருங்கள். பாட்டி, நீங்க வாங்க. துணியை நீங்கதான் எடுக்கணும்.