பெயர் சொல்லி ஜெபிப்போம்
(கல்லறைத் திருநாளன்று நம் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



இன்று நம் கல்லறைத் தோட்டம் முழுவதும் விளக்கும் மாலையுமாக இருக்கிறது. ஆனால் எண்பது வயதைக் கடந்த ஒரு தாய் ஆண்டுதோறும் மெழுகுவர்த்தியுடன் வாசலிலேயே நின்றுவிடுவார். "சாமி, எங்க அப்பாவுக்கு எங்கே ஏத்தறது?" என்று கேட்பார். மலாயாவில் பால்மரத் தோட்டத்தில் வேலை செய்த அவருடைய தகப்பனார், யுத்த காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவர். திரும்பி வரவேயில்லை.

சயாம் என்பது இன்றைய தாய்லாந்து. அங்கே குவே நொய், குவே யாய் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் காஞ்சனபுரி என்ற ஊர் இருக்கிறது. பாலமும் ரயில் நிலையமும் இன்றும் உண்டு, ரயிலும் ஓடுகிறது. 1942-43இல் ஜப்பானியப் படையினர் அவ்வழியே தாய்லாந்தையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் பாதை அமைத்தனர். அதற்காக வேலை வாங்கப்பட்ட போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000 பேருக்கு மேல் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ இரண்டு லட்சம் அளவில் இருந்தனர். அவர்களில் 90,000 பேர் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். பசி, மலேரியா, வாந்திபேதி ஆகியவையே எமன்களாயின. இறந்தவர்களில் பெருந்தொகையினர் மலாயாத் தமிழர்கள். நம் வட ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சைப் பகுதிகளிலிருந்து பிழைக்கப் போனவர்களும் அவர்கள் மக்களும்.

காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகள் துயில்கிறார்கள். பெயர் பொறித்த பலகைகள், பூச்செடிகள், வெட்டிச் சீராக்கிய புல்தரை எல்லாம் அங்கே உண்டு. அது நியாயமே. நம்மவர்களுக்கோ அங்கே இடமில்லை. குழிகளில் கும்பலாகப் புதைக்கப்பட்டார்கள். யார் பெயரையும் யாரும் எழுதி வைக்கவில்லை. அவ்வூர்ப் புத்த ஆலயமொன்றில் தொழிலாளரின் எலும்புகளைச் சேர்த்து வைத்த நினைவிடம் ஒன்றுண்டு. அங்கே 2023இல் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது.

நடுகல் நமக்குப் புதிதா? பக்கத்துச் செங்கத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தைய நடுகற்கள் இருக்கின்றன. ஊர் மாடுகளை மீட்கப் போய் மாண்டவனுக்கும் பெயர் வெட்டி வைத்த மண் இது. நம் தெருவிலேயே, 1950இல் மறைந்த ரமண மகரிஷியின் சமாதியைத் தேடிக் கடல் கடந்து வருகிறார்கள். கடல் கடந்துபோன நம் கூலியாளைத் தேடி யார் போனார்கள்?

யூபிலிக் கூட்டத்தில், வடமூலையில் உள்ள பெயரில்லாத மண்மேடுகளைச் சமன் செய்து புதிய குழிகளுக்கு இடம் எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். இட நெருக்கடி உண்மை. நானும் சரி என்றே தலையசைத்தேன். அந்தத் தாயின் கேள்விதான் என்னைத் தடுத்தது. மண்மேட்டில் பெயர் இல்லை; ஆனால் நம் அடக்கப் பதிவேட்டில் இருக்கிறது. இருக்கிற பெயரை நாமே அழித்துவிட்டு, சயாமில் நடந்ததற்காக வருந்துவது எப்படிப் பொருந்தும்?

ஆகவே இரண்டு காரியங்கள் கேட்கிறேன். ஒன்று, பதிவேட்டிலுள்ள அந்தப் பெயர்களை ஒரே கல்லில் பொறிப்போம். அதன் பிறகே அங்கே மண்வெட்டி படட்டும். இரண்டு, கடல் கடந்து போய்த் திரும்பாத உங்கள் முன்னோரின் பெயர்களை எழுதித் தாருங்கள். அவர்களுக்காக அதே கல்லின் மறுபுறத்தை விட்டு வைப்போம். இந்துச் சகோதரர்களும் கொடுக்கட்டும். தோபித்து, தெருவில் கிடந்த உடலை அடக்கம் செய்தபோது தனக்கு வரும் ஆபத்தைக்கூட எண்ணிப் பார்க்கவில்லை. இறந்தோரை அடக்கம் செய்வது இரக்கச் செயல் என்று திருச்சபை கற்பிக்கிறது. உடல் கிடைக்காதபோது, பெயரையாவது அடக்கம் செய்வோம்.

அடுத்த கல்லறைத் திருநாளில் அந்தத் தாய் வாசலில் நிற்க வேண்டாம். அவர் மெழுகுவர்த்திக்கு ஓர் இடம் இருக்கும். ஆண்டவர் அவர்கள் அனைவருக்கும் நித்திய இளைப்பாற்றி அருள்வாராக. ஆமென்.